கோடு இல்லாத பெட்டிகள்

திங்கள்

மாலை வகுப்பில் வேலைக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்தேன், ஏன் செய்தேன், எங்கே தடுமாறினேன் என்று மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் நாலு வரியில் பதில் முடிந்துவிடுகிறது. மூன்றாவதற்குத்தான் பக்கம் போதுவதில்லை.

நான் வேலை பார்ப்பது சக்கர நாற்காலி விற்கும் நிறுவனத்தில். பழுதும் பார்த்துத் தருவார்கள். வாசலுக்கு அருகில் முன்மேசை, அதில் ஒரு தொலைபேசி, ஒரு கணினி, நான். இன்று பதினோரு மணிக்கு மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே புதிதாக ஒருவர் மடிக்கணினியை உண்மையாகவே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் புது வெப்சைட்டைக் கட்டப் போகிறவர்.

"நீ ஏதோ வெப்சைட் கிளாஸ் போறியாமே?" என்றார் மேனேஜர்.

"ஏழு வாரம்தான் சார் ஆகுது."

"எனக்கு ஒரு நாள்கூட ஆகல. அப்போ இந்த ஆபீஸ்ல நீதான் எக்ஸ்பர்ட்."

விஷயம் இதுதான். எங்கள் தளத்துக்கு வயது பன்னிரண்டு. மூன்று பேர் மாறி மாறிக் கட்டியது. ஒவ்வொருவரும் முந்தினவர் விட்டுப்போனதைத் தொடாமல், பக்கத்திலேயே தன் பங்குக்குச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். சர்வரில் ஆயிரத்து நானூற்று முப்பத்தெட்டு கோப்புகள். எது பயன்பாட்டில் இருக்கிறது, எது சும்மா சோதித்துப் பார்த்த பிரதி என்று யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் புதுத் தளம் ஏறும். அந்த நிமிடமே பழையது அணைக்கப்படும்.

தளக்காரர் (பெயர் சொன்னார், எனக்குப் பதற்றத்தில் காதில் விழவில்லை, திரும்பக் கேட்கக் கூச்சம்) தன் நிபந்தனையைச் சொன்னார்.

"மொத்த சைட்டும் எனக்கு ஒரே படமா வேணும். முகப்புல இருந்து எந்தப் பக்கம் எங்க போகுதுன்னு. ஒரு பக்கத்துக்கு ஒரு பெட்டி, ஒரு லிங்க்குக்கு ஒரு கோடு. படத்துல இருக்கறத எல்லாம் மாத்தித் தரேன். படத்துல இல்லாதது வராது. அப்புறம் அது எங்க, இது எங்கன்னு என்னைக் கேக்கக் கூடாது."

"புதன்கிழமைக்குள்ள முடியுமா?" என்றார் மேனேஜர் என்னிடம்.

"பார்க்கறேன் சார்."

மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது. நான் 'பார்க்கிறேன்' என்று சொன்ன குரலை மற்றவர்கள் 'முடித்துவிடுகிறேன்' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

செவ்வாய்

தளத்தின் அமைப்பைத் தானே படமாக வரைந்து தரும் சாப்ட்வேர் தேடினேன். தேடினால் ஒன்றல்ல, முப்பது. அதில் ஆறை எடுத்துக்கொண்டு கட்டம் போட்டேன். தானாகப் பக்கங்களைக் கண்டுபிடிக்குமா, எத்தனை பக்கம் வரை போகும், படமாகத் தருமா, அச்சடிக்க முடியுமா, கையிலுள்ள முகவரிப் பட்டியலைக் கொடுத்தால் ஏற்குமா. ஐந்து கேள்விகளும் வகுப்பில் கொடுத்த தாளில் இருந்தவை.

முதலாவது பெட்டியும் கோடும் அழகாக வரைகிறது. ஆனால் வரைய வேண்டியது நான். அதற்கு ஒரு சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். இரண்டாவது தானே உள்ளே போய்த் தேடியது, ஐம்பதாவது பக்கத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. மேலே போகப் பெரிய திட்டத்துக்கு மாறச் சொன்னது. மூன்றாவது எல்லாவற்றையும் எடுத்து நீளமான அட்டவணையாகக் கொடுத்தது. படம் இல்லை. நான்காவது படம் கொடுத்தது. ஒரு சிலந்தி மைப்புட்டியில் விழுந்து, எழுந்து, தாள் மேல் நடந்த மாதிரி இருந்தது. மேனேஜரிடம் இதைக் காட்டினால் கண் டாக்டரைப் பார்க்கப் போய்விடுவார். ஐந்தாவதை நிறுவவே முடியவில்லை.

ஆறாவதை நாளைக்குப் பார்க்க வைத்திருக்கிறேன். கட்டத்தில் இடம் போதாததால் ஐந்தாவது கேள்வியை மாலை நாலு பத்துக்கு அடித்துவிட்டேன். சாப்ட்வேரே பக்கங்களைக் கண்டுபிடிக்கும்போது நாம் எதற்குப் பட்டியல் கொடுக்க வேண்டும்.

வீட்டில் அத்தை என் நோட்டை எட்டிப் பார்த்தாள். அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். ஒன்பது வருடமாகச் சக்கர நாற்காலி. கணினி வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

"காய்கறி வாங்கப் போனாலும் கட்டம் போட்டுட்டுத்தான் போவியா?"

"தப்பு நடக்கக் கூடாதுன்னு போடறேன் அத்தை."

"கட்டத்துக்குள்ள தப்பு நடக்காதா?"

நான் நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

புதன்

ஆறாவது சாப்ட்வேர். முகப்புப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினேன். அது ஒரு மனிதர் செய்வதைத்தான் செய்கிறது. முகப்பில் இருக்கும் ஒவ்வொரு லிங்க்கையும் அழுத்தி உள்ளே போகிறது. அங்கே இருக்கும் லிங்க்குகளையும் அழுத்துகிறது. போகப் போகத் திரையில் பெட்டி மேல் பெட்டியாக முளைத்தது. ஒவ்வொன்றுக்கும் மேலேயிருந்து ஒரு கோடு. பதினேழு நிமிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்.

பன்னிரண்டு தாளில் அச்சடித்து, கூட்ட அறைச் சுவரில் ஒட்டினேன். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ நம்மகிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா. எல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார்."

பசை டப்பாவைத் திரும்ப வாங்கப் பட்டறையிலிருந்து ஸ்பேனர் அக்கா வந்தார். பழுது பார்க்கும் பிரிவு முழுவதும் அவர் கையில்தான். அவரும் படத்தைப் பார்த்தார்.

"நல்லாதான் இருக்கு. எங்க பட்டறை எங்க?"

'சேவை' என்ற பெட்டியைக் காட்டினேன்.

"இவ்ளோ பெரிய படத்துல எங்களுக்கு ஒரே ஒரு டப்பாதானா?" என்று சொல்லிவிட்டுப் பசையோடு போனார். நான் சிரித்தேன், ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேட்கவில்லை.

தளக்காரர் படத்தின் பிரதியை வாங்கிக்கொண்டார். மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் "இந்தப் பொண்ணு சொன்னா சொன்ன நேரத்துக்கு முடிச்சுடும்" என்றார். மாலை வகுப்பில் பெஞ்சில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வியாழன்

காலை ஏழரைக்கு அத்தை கூப்பிட்டாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி எதிரே.

"இடது பிரேக் வழுக்குது. நானே பண்ணிடுவேன், கிளாஸுக்கு நேரமாச்சு. நீ கொஞ்சம் இறுக்கிக் குடு. சீட்டுக்கு அடியில வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், அந்த அட்ரஸை அடிச்சா எப்படின்னு படம் போட்டிருக்கும். உங்க கடைதான்."

தரையில் படுத்து அண்ணாந்து பார்த்தேன். எங்கள் தளத்தின் முகவரி, பின்னால் ஒரு சாய்கோடு, பிறகு 'சோதனை3'. கைபேசியில் அடித்தேன். பக்கம் திறந்தது. மெனு இல்லை, நிறுவனத்தின் சின்னம்கூட இல்லை. ஆறு புகைப்படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி. படங்களில் தெரிந்த கையின் கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு. ஸ்பேனர் அக்காவின் கை.

பிரேக்கை இறுக்கினேன். பிறகு கைபேசியில் என் படத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடினேன். இல்லை. நான்கு விதமாகத் தேடினேன். நான்கு விதத்திலும் இல்லை.

"என்ன, முகம் இப்படிப் போயிடுச்சு?"

சொன்னேன். அத்தை கணக்குப் புத்தகத்தை மூடினாள்.

"அப்போ சனிக்கிழமைக்கு அப்புறம் இது வராது?"

"படத்துல இல்லாதது வராது."

"ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க எல்லாரும் வெளியூர் போயிருந்தீங்க. சரிவுல இறங்கறப்போ பிரேக் பிடிக்கல. சுவத்துல முட்டித்தான் நின்னேன். கடைக்குப் போன் பண்ணா நாளைக்குத்தான் ஆள் வரும்னாங்க. அதுவரைக்கும் உட்கார்ந்தே இருக்கணுமா நான்?" என்றவள் நிறுத்தி, "உட்கார்ந்துதான் இருக்கேன், அது வேற விஷயம்" என்று தானே சிரித்தாள். "கட்டிலுக்கு மாறி, இதைச் சாய்ச்சுப் போட்டு, அந்தப் பக்கத்தைப் பார்த்து நானே இறுக்கினேன். அன்னிலேர்ந்து எதுக்கும் ஆளுக்காகக் காத்துட்டு இருந்ததில்ல."

பேருந்தில் எனக்கு வந்த யோசனைகளை வரிசையாக எழுதுகிறேன். ஒன்று, யாரிடமும் சொல்லாமல் இந்த ஒரு பக்கத்தை மட்டும் படத்தில் சேர்த்துவிடலாம். இரண்டு, சொல்லாமலே இருந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. மூன்று, அத்தைக்கு ஒன்று இருந்தால் மற்றவர்களின் நாற்காலிகளுக்கும் இருக்கும். மூன்றாவது வந்த பிறகு முதல் இரண்டும் செல்லாது. நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"அதுவா? நிறைய இருக்கு" என்றார் ஸ்பேனர் அக்கா. ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ஒரே ரிப்பேர் ரெண்டு தடவ வந்தா, செய்யற மாதிரி போட்டோ எடுத்துடுவேன். உன் மேசையில முன்ன இருந்தவர் அதைப் பக்கமாப் போட்டுக் குடுப்பார். அட்ரஸை ஸ்டிக்கர் அடிச்சு நாற்காலிக்கு அடியில ஒட்டிடுவோம்."

"மெனுல ஏன்க்கா போடல?"

"போட விட்டாத்தானே. பழுது, பழுதுன்னு பத்து இடத்துல எழுதி வெச்சா புதுசு வாங்க வர்றவன் ஓடிடுவான்னார் அப்போ இருந்த பெரியவர். சரி, அவர் கண்ணுல படாம ஒட்டுவோம்னு அடியில ஒட்டினோம். அவர் என்னிக்குக் குனிஞ்சு பார்த்தார்?"

பிறகுதான் முழுதும் புரிந்தது. பக்கம் இருக்கிறது. ஆனால் வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு லிங்க் இல்லை. ஸ்டிக்கர்தான் அதற்கு வழி. சாப்ட்வேர் லிங்க்குகளைத்தான் பிடித்துக்கொண்டு போகும், நாற்காலிக்கு அடியில் படுத்துப் பார்க்காது. சர்வரில் கோப்புகளின் பெயரைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால், எனக்கு முன்பிருந்த முன்மேசைக்காரர் அந்தந்த நேரத்தில் வாயில் வந்த பெயரை வைத்திருக்கிறார். 'சோதனை3' என்பதைப் பார்த்தால் யாரும் குப்பை என்றுதான் நினைப்பார்கள்.

"லிஸ்ட் ஏதாவது இருக்காக்கா?"

"லிஸ்ட்டா? நாற்காலிதான் லிஸ்ட்." கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தார். "இரு. ஸ்டிக்கர் மிஷின்ல முதல்ல வர்றது எப்பவும் கோணலா வரும். அதைத் தூக்கிப் போட மனசு வராம பீரோ கதவுல ஒட்டிடுவேன்."

இரும்பு பீரோவின் கதவைத் திறந்தார். உள்பக்கம் முழுக்க ஸ்டிக்கர். ஒன்றின் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று. சூடான காற்று ஊதும் கருவியைப் பிடித்து அவர் இளக்க, நான் நுனியைப் பிடித்து உரித்தேன். கிழிந்தால் எழுத்து போய்விடும். மதியச் சாப்பாட்டை மறந்து மூன்று மணி வரை உரித்தோம். ஐம்பத்தெட்டு முகவரிகள் கிடைத்தன.

அவற்றை ஆறாவது சாப்ட்வேருக்குக் கொடுக்கப் போனேன். அது பட்டியலை ஏற்காது. என் கட்டத்தில் நான் அடித்துவிட்ட ஐந்தாவது கேள்வி. நிறுவ முடிந்த மற்ற நான்கையும் மறுபடி திறந்து பார்த்தேன். ஏற்பது ஒன்றே ஒன்று, அந்த மைச்சிலந்தி. ஐம்பத்தெட்டையும் அதில் ஒட்டி ஓடவிட்டேன். நடுவில் இருநூற்றுப் பன்னிரண்டும் சிக்கலாகக் கிடந்தன. அதைச் சுற்றி, எதனோடும் சேராமல், கோடு இல்லாத பெட்டிகள். அசிங்கமான படம்தான். ஆனால் முதல் தடவையாகச் சரியான படம்.

அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து 'சோதனை3' எங்கே என்று பார்த்தேன். இல்லை. அந்த ஸ்டிக்கர் முதல் தடவையே நேராக வந்திருக்கும் போலிருக்கிறது.

வெள்ளி

ஒன்பதுக்கு மேனேஜர் அறை. தளக்காரரும் இருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். தாளைப் பார்க்காமலே சொன்னேன்.

"நான் குடுத்த படம் தப்பு சார். எல்லாம் வந்துடுச்சுன்னு சொன்னதும் தப்பு. குறைஞ்சது ஐம்பத்தொன்பது பக்கம் விட்டுப்போச்சு. இன்னும் எத்தனைன்னு எனக்குத் தெரியாது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "புதன்கிழமை கேட்டேனேம்மா?"

"கேட்டீங்க சார்."

தளக்காரர் புதுப் படத்தைப் பார்த்தார். "லிங்க்கே இல்லாத பக்கம் இருந்தா என்ன, போனா என்ன? அங்க யார் வரப்போறாங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பழைய தளத்தில் வந்து போனவர்களின் எண்ணிக்கை இருக்கிறது. நேற்று அதையும் குறித்துக்கொண்டேன்.

"கடைசி முப்பது நாள்ல 'சோதனை3' பக்கத்துக்கு நாற்பத்தொரு பேர் வந்திருக்காங்க. முன்சக்கரம் மாத்தற பக்கத்துக்கு முப்பத்தாறு."

"பெரிய கூட்டமோ?" என்றார் தளக்காரர்.

"'நிர்வாகத்தின் செய்தி' பக்கத்துக்கு மூணு பேர்."

அது மேனேஜர் ரிப்பன் வெட்டும் படம் இருக்கும் பக்கம்.

"அந்த மூணு யாரு?" என்றார் மேனேஜர்.

"ரெண்டு தடவ நான்தான் சார். படம் போடறப்போ."

அவர் எழுந்து, மூலையில் காட்சிக்கு வைத்திருந்த நாற்காலியைச் சாய்த்தார். ஒரு முழங்காலை ஊன்றி, கழுத்தை வளைத்து அடியில் பார்த்தார். அங்கேயும் ஒன்று இருந்தது. தன் கைபேசியில் அவரே அடித்து, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"இது நம்ம ஸ்பேனர் கைதானே?"

"ஆமா சார்."

தளக்காரர் கணக்குப் போட்டார். நாளை மதியத்துக்குள் கூடுதலாக ஐம்பத்தொன்பது முடியாது, வேறு ஏதாவது குறைந்தால்தான் முடியும். நான் இரண்டாவது தாளை எடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டில் அறுபத்து மூன்று பழைய கண்காட்சிப் புகைப்படப் பக்கங்கள். போன வருடம் முழுக்க அவற்றை யாரும் திறக்கவில்லை.

"என் ரிப்பன்?" என்றார் மேனேஜர்.

"அது இருக்கட்டும் சார். ஒரே பக்கம்தானே."

"வேணாம், எடுத்துடு. வயசு கம்மியாத் தெரியறேன், அதான் ஒரு பாசம்."

இன்னும் இரண்டு கேட்டேன். ஒன்று, ஸ்டிக்கரில் உள்ள முகவரி ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. தளத்தை நாம் மாற்றலாம், ஊர் முழுக்க ஓடும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு ஸ்டிக்கரை மாற்ற முடியாது. இரண்டு, இல்லாத முகவரியை யாராவது அடித்தால் 'பக்கம் கிடைக்கவில்லை' என்று மட்டும் சொல்லித் துரத்தாமல், என் மேசையின் எண்ணைக் காட்ட வேண்டும்.

"எதுக்கு?" என்றார் தளக்காரர்.

"என் படம் இன்னும் முடியல. முடிஞ்சிடுச்சுன்னு மறுபடியும் சொல்ல மாட்டேன்."

பழைய கோப்புகள் ஆயிரத்து நானூற்று முப்பத்தெட்டையும் தனி டிஸ்க்கில் எடுத்து என்னிடம் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். பதினோரு மணிக்கு வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினோம். உங்கள் நாற்காலியின் இருக்கைக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள். மாலைக்குள் நூறுக்கு மேல் வந்தது. பெரும்பாலும் ஏற்கெனவே இருந்தவை. எட்டு புதியவை. ஒருவர் ஸ்டிக்கருக்குப் பதில் தன் பூனையின் படத்தை அனுப்பியிருந்தார், அது அங்கேதான் தூங்குமாம்.

மொத்தம் அறுபத்தேழு. மாலை வகுப்புக்குப் போகவில்லை. ஏழு வாரத்தில் முதல் விடுப்பு.

சனி

பன்னிரண்டு மணிக்குப் பழைய தளம் போனது. பன்னிரண்டு ஐந்துக்குப் புதியது வந்தது. அறுபத்தேழு முகவரிகளையும் ஒவ்வொன்றாக அடித்தேன். ஸ்பேனர் அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு, உரித்த ஸ்டிக்கர்களையும் வந்த படங்களையும் பார்த்து வாசித்தார். இரண்டு திறக்கவில்லை. தளக்காரர் தொலைபேசியிலேயே சரிசெய்தார். இரண்டையும் மறுபடி அடித்தேன். திறந்தன.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அத்தையிடமிருந்து செய்தி. "சோதனை3 திறந்தது. பிரேக்கையும் ஒரு தடவ இறுக்கிட்டேன், நீ வியாழக்கிழமை பண்ணது லூசா இருந்துச்சு."

ஸ்பேனர் அக்கா எழுந்து பட்டறைக்குக் கிளம்பினார். நான் நோட்டை மூடப் போனேன். மேசைத் தொலைபேசி அடித்தது.

வயதான ஒருவரின் குரல். நிதானமாகப் பேசினார். "நாற்காலியோட சாய்மானம் கீழ இறங்கி நிக்குது, தூக்க வரல. அடியில இருக்கற அட்ரஸை அடிச்சேன். பக்கம் வரல. உங்க நம்பர்தான் வந்துச்சு."

"ஸ்டிக்கர்ல இருக்கறத ஒவ்வொரு எழுத்தா படிங்க ஐயா. நான் எழுதிக்கறேன்."

அவர் படித்தார். எங்கள் பட்டியலில் இல்லாதது. டிஸ்க்கில் தேடினேன், இருந்தது. வாசலில் நின்ற அக்காவைக் கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் திரும்பி வந்து, திரையில் தன் கையைப் பார்த்துவிட்டு, ரிசீவரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஐயா, வலது பக்கம் ஒரு சின்ன கொக்கி இருக்கும், தடவிப் பாருங்க. கிடைச்சுதா?"

நான் நோட்டைத் திறந்து அறுபத்தெட்டு என்று எழுதினேன். அதற்குக் கீழே அறுபத்தொன்பது என்று எண்ணை மட்டும் போட்டு, எதிரே இடம் விட்டு வைத்தேன்.